தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்

கேள்வி: எனக்கு வயது 46. தைராய்டு குறைவுக்கு இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். 50 மைக்ரோகிராமில் தொடங்கி 75 ஆக்கினார்கள். ஒரு நாள்கூட விட்டதில்லை. ஆனாலும் டி.எஸ்.எச். (தைராய்டு குறையும்போது ஏறும் ரத்தச் சோதனை எண்) 9-ஐ விட்டு இறங்கவே இல்லை. அசதி, மலச்சிக்கல், முடி கொட்டுவது எல்லாம் அப்படியே இருக்கின்றன. காலை ஆறு மணிக்கு மாத்திரை, கையோடு காபி. எட்டரைக்கு டிபன் முடித்து இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம். 100 ஆக்கிக் கேட்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அளவைக் கூட்டும் முன் காபியைத் தள்ளி வையுங்கள். நீங்கள் சாப்பிடும் தைராக்சின் மாத்திரை சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கினாலே அதில் 70, 80 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். காபி உடனே போனால் அதுவும் குறையும். இரும்பும் கால்சியமும் இன்னும் மோசம். குடலில் மருந்தைப் பிடித்துக்கொண்டு அதோடு வெளியேறிவிடும். இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரம்தான்.

இப்படி மாற்றுங்கள். ஆறு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீருடன் மாத்திரை. காபி ஏழு மணிக்கு. இரும்பு மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பின், கால்சியம் இரவில். (அவை இரண்டையும் சேர்த்துப் போடுவதும் நல்லதல்ல.) நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துக்கும் இதே நான்கு மணி நேரக் கணக்குதான். காலையில் காபி இல்லாமல் முடியவே முடியாது என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும்போது தைராய்டு மாத்திரையைப் போடலாம். அப்போது கால்சியத்தை இரவில் வைக்காதீர்கள். மருந்து பாட்டிலை அடுப்பு மேடையில் வைத்திருந்தால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். வெப்பமும் ஈரமும் இந்த மருந்தைக் கெடுக்கும்.

ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் இரண்டு வாரத்தில் எடுக்கும் சோதனை எதையும் சொல்லாது. ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைப் போடுங்கள். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறீர்கள் என்றால் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அது சில ஆய்வக முறைகளில் டி.எஸ்.எச்.-ஐக் குறைத்துக் காட்டும்.

இப்போதே 100 ஆக்கிவிட்டுப் பிறகு நேரத்தைச் சரிசெய்தால், மருந்து அதிகமாகிப் படபடப்பும் கை நடுக்கமும் வரும். நாளடைவில் எலும்பும் தேயும். நேரத்தைச் சரிசெய்தும் டி.எஸ்.எச். இறங்காவிட்டால், குடலில் உறிஞ்சும் கோளாறு உண்டா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். இன்னொன்று: இரும்பு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் என்றால் ரத்தசோகை இருக்கக்கூடும். அசதிக்கும் முடி கொட்டுவதற்கும் அதுவே காரணமாகலாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) இரண்டையும் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. டி.எஸ்.எச். 6.2, டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சரியாக இருக்கிறது. மருத்துவர் மாத்திரை தரவில்லை. அலட்சியமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: இல்லை. டி.எஸ்.எச். என்பது பிட்யூட்டரி சுரப்பி கழுத்திலுள்ள தைராய்டுக்கு இடும் கட்டளை. தைராய்டு சோர்ந்தால் கட்டளை உரக்கும். அம்மாவுக்குக் கட்டளை கொஞ்சம் உரத்திருக்கிறது, ஆனால் தேவையான ஹார்மோன் சுரக்கிறது. வயதானவர்களுக்கு இந்த எண் இயல்பாகவே சற்று ஏறும். இரண்டு மூன்று மாதத்தில் திரும்பப் பாருங்கள், ஒரு தடவை டி.பி.ஓ. எதிர்ப்பொருள் சோதனையும் (உடலே தைராய்டைத் தாக்குகிறதா என்று பார்ப்பது) செய்யுங்கள். டி.எஸ்.எச். 10-க்கு மேல் போனால் மருந்து பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: மகள் தைராய்டு மாத்திரை 75 மைக்ரோகிராம் சாப்பிடுகிறாள். இப்போது இரண்டு மாதக் கர்ப்பம். குழந்தைக்கு ஆகாது, நிறுத்து என்கிறார்கள் உறவினர்கள். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தயவுசெய்து ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். கருவின் தைராய்டு ஏறக்குறைய 12-வது வாரத்தில்தான் வேலையைத் தொடங்கும், முழுமையாகச் சுரக்க 18, 20 வாரம் ஆகிவிடும். அதுவரை குழந்தையின் மூளை வளர்வது தாயின் ஹார்மோனை நம்பித்தான். நிறுத்தினால் கருச்சிதைவு, குறைப்பிரசவம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடும். உண்மையில் இப்போது அளவு கூட வேண்டும், வழக்கமாக 25, 30 சதவீதம். வாரத்துக்கு 7 மாத்திரைக்குப் பதில் 9 என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள். இந்த வாரமே டி.எஸ்.எச். பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். பாதிக் கர்ப்பம் வரை நான்கு வாரத்துக்கு ஒரு தடவை சோதனை தேவை. மசக்கையில் மாத்திரை வாந்தியோடு வந்துவிடுகிறது என்றால், வாந்தி அடங்கும் வேளைக்கு மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம். பிரசவத்துக்குப் பின் பழைய அளவு. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். குழந்தை பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி எடுக்கும் தைராய்டு சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தைராய்டு குறைவு இருந்தால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் விலக்க வேண்டுமா? இந்துப்பு நல்லதா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேகவைத்துச் சாப்பிடுங்கள், பொரியல் அளவில் ஒன்றும் ஆகாது. இந்துப்பில், தைராய்டுக்குத் தேவையான அயோடின் மிகச் சொற்பம். வீட்டு உப்பு அயோடின் கலந்ததாகவே இருக்கட்டும்.