கேதாரும் பத்ரியும்: யாரிடம் என்ன கேட்பது?

அன்புள்ள சார்,

கல்யாணமாகி டெல்லிக்கு வந்து துவாரகாவில் இருக்கிறோம். செப்டம்பர் கடைசியில் மன்னார்குடியிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். கேதாரையும் பத்ரியையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவர்களுக்குப் பல வருஷ ஆசை. மாமனாருக்கு 71 வயது, தினமும் நடப்பவர். மாமியாருக்கு 66. முழங்கால் வலி உண்டு, பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார்.

போய் வந்தவர்கள் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் பார்க்கும் மாமிகள், இவருடைய ஆபீஸ் நண்பர்கள், எதிர் ஃபிளாட் பஞ்சாபிக் குடும்பம் என்று ஒருவரையும் விடவில்லை. குதிரையில் போ என்கிறார் ஒருவர், குதிரைப் பக்கமே போகாதே என்கிறார் இன்னொருவர். ஐந்து நாள் போதும் என்கிறார்கள், எட்டு நாளாவது வேண்டும் என்றும் சொல்கிறார்கள். கற்பூரம் முகர்ந்தால் மூச்சு முட்டாதாம். இல்லை, ஆக்சிஜன் கேன் வாங்கு என்கிறார் வேறொருவர். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கம் நிரம்ப நிரம்ப பயம்தான் அதிகமாகிறது. யாரை நம்புவது? நீங்களே ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தால் அப்படியே செய்துவிடுவேன்.

(பத்ரியில் வெந்நீர்க் குளத்தில் மாமியார் குளிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.)

ஒரு வாசகி, துவாரகா

*

அன்புள்ள வாசகிக்கு,

நானும் ஒரு திட்டம் கொடுத்தால் உங்கள் நோட்டில் இன்னொரு பக்கம் நிரம்பும், அவ்வளவுதான். உங்களுக்குச் சொன்னவர்களில் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். அவரவர் தங்கள் பயணத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். சிக்கல் நீங்கள் கேட்ட கேள்வியில் இருக்கிறது. "என்ன செய்யலாம்?" என்று கேட்டால் எல்லோரும் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். "உங்களுக்கு என்ன நடந்தது? காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், எங்கே முடியாமல் போனது?" என்று கேட்டுப் பாருங்கள். அறிவுரை நின்றுவிடும், விஷயம் வரும்.

குதிரையையே எடுத்துக்கொள்வோம். வேண்டாம் என்றவர் அநேகமாக நடந்து ஏறிய ஓர் இளைஞராக இருப்பார். நடைபாதை தொடங்கும் கௌரிகுண்டிலிருந்து கேதார் வரை 16 கிலோமீட்டர். அந்தப் பாதையில் நடப்பவர்களும் குதிரைகளும் டோலிகளும் ஒரே தடத்தில்தான் போக வேண்டும். பின்னாலிருந்து குதிரை இடித்து, பள்ளத்துப் பக்கம் ஒதுங்க நேர்ந்தவனுக்கு ஜென்மத்துக்கும் குதிரை பிடிக்காது. அவரிடமிருந்து உங்களுக்குத் தேவையானது ஒன்றே ஒன்று: குதிரை வரும் மணிச் சத்தம் கேட்டால் மலைப் பக்கம் ஒட்டி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் நிற்காதீர்கள். அது சத்தியமான வார்த்தை. நடக்கப்போகும் உங்கள் மாமனாருக்கு உதவும்.

குதிரையில் போ என்றவர் ஏறும்போது மட்டும் அதில் போனவரா, இறங்கும்போதுமா? இதைக் கேட்டீர்களா? ஏறும்போது கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் போதும். இறங்கும்போது உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, பாதத்தை ஊன்றி, தொடையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். ஒவ்வொரு படியிலும் முதுகில் ஒரு குலுக்கல் விழும். நல்ல முழங்கால் உள்ளவர்களே மறுநாள் கால் எடுத்து வைக்கச் சிரமப்படுவார்கள். உங்கள் மாமியாருக்கு நிச்சயமாக வேண்டாம். அவருக்கு டோலி இருக்கிறது, நாலு பேர் தூக்குவார்கள். முதுகில் கூடை கட்டி ஒரே ஆள் சுமக்கும் கண்டியும் இருக்கிறது. அங்கே டோலியை டண்டி என்பார்கள்; டண்டி, கண்டி என்று சேர்த்தே சொல்வார்கள். அரசு கவுன்டரில் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்குங்கள், வழியில் வந்து பேரம் பேசுகிறவர்களிடம் போக வேண்டாம். ஹெலிகாப்டரும் உண்டு. குப்தகாசி, ஃபாட்டா, சேர்சி ஆகிய இடங்களிலிருந்து பறக்கிறது. டிக்கெட் ஐ.ஆர்.சி.டி.சி.யின் ஹெலியாத்ரா தளத்தில்தான் கிடைக்கும். அதுவும் மேகம் இறங்கினால் பறக்காது, எனவே அதை நம்பி மற்றதையெல்லாம் அடுக்கி வைக்காதீர்கள்.

அடுத்து, யார் சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது எந்த வருஷம், எந்த மாதம் என்பது. "14 கிலோமீட்டர்தான், ராம்பாராவில் டீ குடித்துவிட்டு மெதுவாக ஏறினோம், அருமையான கடைகள்" என்று யாராவது சொன்னால் அவர் போனது 2013 ஜூனுக்கு முன்பு என்று அர்த்தம். அந்த வெள்ளத்தில் ராம்பாரா முழுவதுமே அடித்துப் போய்விட்டது. பழைய பாதையும் போனது. இப்போது மந்தாகினி ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போய், லின்சோலி வழியாக ஏறுகிறார்கள். தூரமும் கூடிவிட்டது, ஏற்றமும் கடுமை. அந்தப் பாதையும் 2024 ஜூலை 31 இரவு மேகவெடிப்பில் பல இடங்களில் உடைந்து, ஆயிரக்கணக்கானவர்களை மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆக, பத்து வருஷத்துக்கு முன் போன மாமியின் கதையைக் கேளுங்கள், ரசியுங்கள். தூரத்தையும் நேரத்தையும் மட்டும் அவரிடம் வாங்காதீர்கள்.

மாதமும் அப்படித்தான். மே, ஜூனில் போனவர் கூட்டத்தைப் பற்றிப் பேசுவார். ஜூலை, ஆகஸ்டில் போனவர் மண்சரிவைப் பற்றி மட்டுமே பேசுவார். ஸ்ரீநகருக்கும் ருத்ரப்பிரயாகைக்கும் நடுவே சிரோபகட் என்று ஓர் இடம் (இது கட்வால் ஸ்ரீநகர், காஷ்மீர் இல்லை). அங்கே மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளாத மழைக்காலப் பயணி அபூர்வம். நீங்கள் போகிற செப்டம்பர் கடைசியில் வானம் தெளிந்துவிடும், ஆனால் இரவுக் குளிர் ஏறத் தொடங்கும். உங்கள் எதிர் ஃபிளாட்காரர்கள் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டுப் பெட்டியில் கம்பளி எப்போதும் இருக்கும். அதைச் சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றாது. மன்னார்குடியிலிருந்து வருகிறவர்கள் ஒரு சால்வையோடு வந்து இறங்குவார்கள். சாக்ஸ், குரங்குக் குல்லாய், உள்ளே போடும் தெர்மல், இதெல்லாம் இங்கேயே வாங்கி வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்திலும் ஊர்க்காரர்களின் அனுபவம்தான் செல்லும். மூன்றாவது நாள் மாமியார் ஒரு பிடி ரசஞ்சாதத்துக்கு ஏங்கும்போது, ஆலு பராட்டா பிரமாதம் என்று எழுதி வைத்த குறிப்பு என்ன செய்யும்? பத்ரி 3,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் அரிசி சரியாக வேகாது. குக்கர் இருக்கிற கடையாகப் பார்த்துச் சாதம் கேளுங்கள். கையில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இருக்கட்டும். இந்த விஷயத்தில் ஆர்.கே.புரம் மாமி ஒருவர் சொன்னால் அதற்கு அப்பீலே கிடையாது.

மூச்சுத் திணறலைப் பற்றி உங்கள் நோட்டில் இருப்பதைப் பெரும்பாலும் அடித்துவிடலாம். கற்பூரம் முகர்ந்தால் மூக்கு திறந்தது போல இருக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் கூடாது. கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் கேன் சில நிமிஷத்துக்குத்தான் வரும். இவற்றால் உயிர் பிழைத்ததாகச் சொல்கிறவர்கள், அதே நேரத்தில் உட்கார்ந்து ஓய்வெடுத்ததையும் தண்ணீர் குடித்ததையும் கணக்கில் சேர்ப்பதில்லை. கேதார் 3,583 மீட்டர், லே நகரத்தை விடவும் சற்று உயரம். ரிஷிகேஷ் சில நூறு மீட்டர்தான். இந்த இரண்டுக்கும் நடுவே உடம்புக்கு அவகாசம் கொடுப்பது ஒன்றுதான் வழி. தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு என்று வந்தால் அதற்கு மருந்து கீழே இறங்குவதுதான். மாத்திரை விஷயத்தில் எந்தச் சக பயணியையும் கேட்காதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாமியாரின் பி.பி. மாத்திரைச் சீட்டோடு ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பத்துப் பேர் ஒரே மாதிரி சொன்னால் அது நிஜமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். லடாக்கில் கார்துங் லா கணவாய் இருக்கிறதல்லவா, டெல்லிப் பையன்கள் புல்லட்டில் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் இடம். அங்கே பலகையில் 18,380 அடி, உலகிலேயே உயரமான மோட்டார் சாலை என்று வெகுகாலம் எழுதியிருந்தது. போனவர்கள் எல்லோரும் அதைத்தான் திருப்பிச் சொன்னார்கள். ஜி.பி.எஸ். வைத்து அளந்தால் சுமார் 17,600 அடிதான் வருகிறது. ஆயிரம் பேர் சொன்னாலும் எல்லோரும் ஒரே பலகையைப் படித்தவர்கள். நீங்கள் கேட்ட கற்பூரக் கதையும் இந்த ரகம்.

சரி, யாரைத்தான் கேட்பது? முதலில், பாதியில் திரும்பியவர்களை. அவர்கள் தாமாக வந்து சொல்ல மாட்டார்கள், கொஞ்சம் கூச்சம். கோயிலைப் பார்த்தவர்கள்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். ஆனால் எந்த இடத்தில் கால் நின்றுபோகும், எந்த நேரத்துக்குப் பிறகு மேலே விடமாட்டார்கள், சோன்பிரயாகையில் வண்டியை நிறுத்திவிட்டு கௌரிகுண்டுக்கு ஷேர் ஜீப்புக்காக எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதெல்லாம் திரும்பியவர்களுக்கு அத்துப்படி.

இரண்டாவது, உங்கள் மாமியாரை விட உடம்பு கொஞ்சம் முடியாதவர் யாராவது போய் வந்திருந்தால் அவரை. அவருக்கு முடிந்தது என்றால் இவருக்கும் முடியும். மாரத்தான் ஓடுகிற ஆபீஸ் நண்பர் சொல்வதில் உங்களுக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது, அன்றைக்குக் கீழே இறங்கி வருகிறவர்களை. இதுதான் எல்லாவற்றிலும் உசத்தி. ருத்ரப்பிரயாகையிலோ பீப்பல்கோட்டியிலோ ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும் ஒரே தாபாவில் நிற்கும். சேறு அப்பிய டெம்போ டிராவலர் தெரிந்தால் அதிலிருந்து இறங்குகிறவர்களிடம் போய், எத்தனை மணிக்கு அங்கிருந்து கிளம்பினீர்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று இரண்டே கேள்வி கேளுங்கள். உடைந்த இந்தி போதும். கையை ஆட்டி ஆட்டி உற்சாகமாகச் சொல்வார்கள். வீட்டில் உட்கார்ந்து திரட்டிய முழு நோட்டையும் இந்த இரண்டு நிமிஷம் தள்ளி வைத்துவிடும். டிரைவரையும் கேளுங்கள், சாலையைப் பற்றி மட்டும். இருட்டினால் வண்டி ஓட்டமாட்டேன் என்றால் வாதாடாதீர்கள், மலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. எந்த ஹோட்டலில் தங்குவது என்பதை அவரிடம் விடாதீர்கள், அங்கே அவருக்கும் ஒரு கணக்கு இருக்கலாம்.

ஐந்து நாளா எட்டு நாளா என்ற கேள்விக்கு இப்போது நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். ஐந்து நாள் சொன்னவரிடம் ஒவ்வொரு இரவும் எங்கே படுத்தார் என்று கேளுங்கள். ஹெலிகாப்டரா, அல்லது விடியற்காலையில் கிளம்பி நள்ளிரவில் அறைக்கு வந்த கதையா என்று தெரிந்துவிடும். ரிஷிகேஷ், குப்தகாசி, கேதாரில் ஓர் இரவு, திரும்ப குப்தகாசி, பீப்பல்கோட்டி, பத்ரி, இறக்கம் என்று கணக்குப் போட்டால் வயதானவர்களோடு எட்டு நாள் ஆகிவிடும். சாலை அடைபட்டால் என்று மேலே ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியார் கேதாருக்கு ஏறத்தான் வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். ஆசை இருவருக்கும் ஒன்றுதானா, அல்லது ஒருவருடைய ஆசைக்கு மற்றவர் தலையாட்டுகிறாரா என்பது பல வீடுகளில் கிளம்பிய பிறகுதான் தெரியவரும். ஏற முடியவில்லை என்றால் குப்தகாசியில் விசுவநாதர் கோயில் இருக்கிறது, நீங்கள் அவரோடு தங்கலாம், மாமனாரும் உங்கள் கணவரும் போய் வரட்டும். கேதாரத்தைப் பாடிய நம் நாயன்மார்களே காளத்தியிலிருந்தபடி (இன்றைய காளஹஸ்தி) பாடினார்கள் என்றுதான் மரபு சொல்கிறது. பத்ரிக்கு அந்தக் கவலை இல்லை, கோயிலுக்குக் கொஞ்ச தூரம் வரை வண்டி போகும்.

யாத்திரைப் பதிவு கட்டாயம். நாலு பேருக்கும் ஆதாரில் உள்ள பெயரிலேயே, இரண்டு கோயிலுக்கும் தனித்தனித் தேதி கொடுத்து இப்போதே போட்டுவிடுங்கள்.

வெந்நீர்க் குளத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தப்த குண்டில் பெண்களுக்குத் தனி இடம் உண்டு. தண்ணீர் நல்ல சூடு, வெளியே குளிர். பி.பி. உள்ளவர் அதில் இறங்கி உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். சொம்பு ஒன்று எடுத்துப் போங்கள். படியில் உட்கார வைத்து, கொஞ்சம் ஆற வைத்து மொண்டு ஊற்றினால் போதும். துடைத்துக்கொண்டு உடனே ஸ்வெட்டரைப் போட்டுவிடச் சொல்லுங்கள்.