யானையும் ஆனைத்திருக்கையும்: கேட்டவர்களுக்குப் பதில்

குளச்சலில் பிறந்து, பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஆனைத்திருக்கை, அதாவது கொம்பன் திருக்கை (ஆங்கிலத்தில் மாண்டா ரே) என்ற கடல் மீன் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒன்றாகவே பதில் சொல்கிறேன்.

கீரிப்பாறையிலிருந்து ஒருவர்: எங்கள் மலை யானையை விட அது பெரிதா, டீச்சர்?

எடையில் இல்லை. வளர்ந்த ஆண் யானை 4 டன் வரும். இது 2 டன் வரைதான். ஆனால் சிறகு விரித்தால் 7 மீட்டர் வரை அகலம்! உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு.

மார்த்தாண்டம் மாணவி: அதன் கொம்பும் தும்பிக்கை மாதிரிதானா?

நல்ல கேள்வி, மோளே. தும்பிக்கை என்பது மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்டது. திருக்கையின் கொம்போ பக்கத் துடுப்பின் முன்பகுதி. நீந்தும்போது சுருட்டிக்கொள்ளும், இரை தட்டுப்பட்டதும் விரித்து, மிதக்கும் நுண்ணுயிர்களை வாய்க்குள் திருப்பிவிடும். உறுப்பு வேறு, ஆனால் இரண்டும் வாய்க்கு இரை சேர்க்கின்றன. எனக்கு எப்போதும் வியப்பு தருவது இதுதான்.

முட்டத்திலிருந்து: வால் குத்துமா?

குத்தாது. முள்வால் உள்ள மற்ற திருக்கைகளிடம்தான் கவனம் வேண்டும்.

தேங்காய்ப்பட்டணம் மீனவர்: தெரியாமல் வலையில் ஒன்றிரண்டு சிக்கினால் என்ன குறைந்துவிடும்?

சாளையாக, அதாவது மத்தி மீனாக இருந்தால் கேட்டிருக்கவே வேண்டாம், அது ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இது ஏறக்குறைய ஒரு வருடம் வயிற்றில் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அடுத்ததற்குச் சில வருடங்கள் ஆகும். யானையும் 22 மாதம் வரை சுமந்து ஒரு கன்றுதான் ஈனும். ஆனால் அந்தக் கன்றுக்குத் தாய்ப்பால் உண்டு, சித்தி, பாட்டி என்று கூட்டமே காவல் உண்டு. திருக்கைக் குட்டி பிறந்த நிமிடமே தனி. அதனால் ஒன்று போனாலும் ஈடுகட்டப் பல வருடம் ஆகும். செவுள் தட்டுக்காக இதைப் பிடித்து விற்பது பெருகியதால்தான் 2013இல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள்.

அவரே மறுபடியும்: சரி, சிக்கினால் என்ன செய்ய?

நிற்காமல் நீந்தினால்தான் அதற்கு மூச்சு. அதனால் தாமதிக்காமல் வலையை அறுத்துவிடுங்கள், அண்ணே. வலைக்கு ஆகும் செலவு எனக்கும் தெரியும், அப்பா கடலுக்குப் போனவர். செவுளிலோ கொம்பிலோ கொக்கி மாட்டி இழுக்க வேண்டாம். வாலைப் பிடித்துத் தூக்கவும் வேண்டாம். முடிந்தவரை தண்ணீருக்குள் வைத்தே விடுவியுங்கள்.