பாலியேட்டிவ் கேர் என்றால் சாகக் கொண்டு விடுகிற இடமா?

"புற்றுநோய் முற்றிய அம்மாவைப் பாலியேட்டிவ் கேரில் சேர்த்தால் கைவிட்டதாகச் சொல்வார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்த்துக்கொள்கிற வைத்தியம்தான் பாலியேட்டிவ் கேர், ஆனாலும் சொல்வார்கள். என்னைச் சொன்னார்கள். குமரி மாவட்டத்தில் கருங்கலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். "பெத்த தள்ளைய கொண்டு தள்ளியாச்சா மக்ளே?" என்று சொந்த மாமியே முற்றத்தில் நின்று கேட்டார். இத்தனைக்கும் அம்மை எங்கள் வீட்டில் தன் கட்டிலில்தான் படுத்திருந்தார், வாரம் ஒரு தடவை நர்சு வந்து பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

நீங்களும் என்னைப் போல, கூடப்பிறந்தவர்கள் வெளிநாட்டில் இருக்க, ஒற்றை ஆளாக முடிவெடுக்க வேண்டியவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அம்மைக்கு மார்பில் புற்றுநோய் வந்து எலும்புக்குப் பரவிவிட்டது. திருவனந்தபுரத்தில் காட்டினோம். டாக்டர் தந்த சீட்டில் பாலியேட்டிவ் என்று எழுதியிருந்ததை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றுதான் எடுத்துக்கொண்டேன். சீட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மூன்று மாதம் நாட்டு வைத்தியம் பார்த்தேன். போகவர ரோடு வேறு குண்டும் குழியும். ஒவ்வொரு குழியிலும் அம்மை என் கையைப் பிடித்து நெரிப்பார்.

புண் உடைந்து நாற்றம் வந்துவிட்டது. பார்க்க வருகிறவர்கள் சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிற்பார்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அம்மைக்கு எல்லாம் தெரியும். அப்புறம்தான் அந்தச் சீட்டை எடுத்தேன்.

வந்த நர்சு மூக்கைப் பொத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "எங்கம்மா நோவுது?" என்று கேட்டார். உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரால் புண்ணைக் கழுவினார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண் மேல் தூவி, எனக்கும் பழக்கிக் கொடுத்தார். நாலைந்து நாளில் நாற்றம் குறைந்தது. வாரம் கழிவதற்குள் என் மகன் கட்டிலில் ஏறி அம்மச்சி பக்கத்தில் படுத்துவிட்டான்.

வலிக்கு மார்ஃபின் (morphine) மாத்திரை என்றதும் துபாயிலிருந்து அண்ணன், "போதை மருந்தா?" என்று போனில் கத்தினான். வலிக்கு அளவாக, நாலு மணிக்கூருக்கு ஒன்று என்று கொடுத்தால் அடிமையாக மாட்டார்கள், மலச்சிக்கல் வரும், அதற்கு முதல் நாளிலிருந்தே மருந்து உண்டு என்று டாக்டர் விளக்கினார். போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் தளர்த்திய பிறகும் சாதாரண மெடிக்கலில் இது கிடைக்காது, அனுமதி உள்ள ஆஸ்பத்திரியில்தான் வாங்கணும். முதல் ராத்திரி அம்மை விடியும்வரை தூங்கினார். பயந்துபோய் இரண்டு தடவை மூச்சைத் தொட்டுப் பார்த்தேன்.

கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளை தாண்டினால் பஞ்சாயத்து நர்சே வீடு தேடி வருகிறார், கேரள அரசு 2008-லேயே இதற்குக் கொள்கை போட்டுவிட்டது. பெண் எடுக்கிறோம், பெண் கொடுக்கிறோம், வைத்தியத்துக்கும் அங்கேதான் ஓடுகிறோம், இது மட்டும் நமக்குத் தெரியாது. தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வந்து பார்ப்பது உண்டு, உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

காசு உள்ளவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. சிகிச்சையை நிறுத்துங்கள் என்றும் நான் சொல்லவில்லை, கீமோ நடக்கும்போதே இதையும் சேர்த்துப் பார்க்கலாம். அந்த மூன்று மாத வலி அம்மைக்குத் தேவையே இல்லை, அதுதான் என் ஆற்றாமை.

அம்மை இறந்துபோவதற்கு இரண்டு நாள் முன்பு மரச்சீனியும் சாளைக்கறியும் கேட்டார். இரண்டு வாய்தான் இறங்கியது. ஊட்டிவிட்டது மாமிதான், கட்டிலில் உட்கார்ந்து.