காது மடலில் நீர்க்கட்டி: எடுத்தாலும் ஏன் திரும்ப வருகிறது?

கேள்வி: எனக்கு வயது 34. வலது காது மடலின் மேல்பகுதியில், முன்பக்கமாக, புளியங்கொட்டை அளவு வீக்கம். வலி கிடையாது, அடிபடவும் இல்லை. ஒரு டாக்டர் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தார், நாலே நாளில் பழையபடி நிரம்பிவிட்டது. இப்போது ஒருவர் ஸ்டீராய்டு ஊசி என்கிறார், இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார். எதைச் செய்துகொள்வது? - வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது சூடோசிஸ்ட் மாதிரி தெரிகிறது, பயப்படும்படியான கட்டி இல்லை. காது மடலின் குருத்தெலும்புக்கு உள்ளேயே ஒரு பிளவு உண்டாகி, அதில் வைக்கோல் நிறத்தில் நீர் கோத்துக்கொள்கிறது. ஊசியால் நீரைத்தான் எடுக்கிறோம், அந்தப் பிளவு அப்படியே இருக்கிறதே, மறுபடி நிரம்பாமல் என்ன செய்யும்? அதனால் வெறும் ஊசியோடு அனுப்பிவிடுவது எனக்கு ஒப்பாத வைத்தியம்.

நான் முதலில் சொல்வது பட்டன் தையல். நீரை எடுத்த கையோடு, கிருமி நீக்கிய இரண்டு சட்டைப் பட்டன்களை மடலுக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று வைத்து, நைலான் நூலை மடலின் ஊடே விட்டுக் கட்டிவிடுவோம். பத்து நாள், சிலருக்கு இரண்டு வாரம் அப்படியே இருக்கும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், ஆனால் அந்த அழுத்தத்தில்தான் பிளவின் இரு சுவர்களும் ஒட்டுகின்றன. ரொம்ப இறுக்கினால் தோல் கறுத்துப் போகும், அதனால் இடையில் ஒருமுறை காட்டியே ஆகவேண்டும்.

ஸ்டீராய்டு ஊசி சிலருக்குப் பலன் தருகிறது. ஆனால் தோல் மெலியலாம், மடலின் வடிவம் கெடலாம், எனவே எடுத்த எடுப்பில் நான் போடமாட்டேன். ஆபரேஷனில் பிளவின் முன்சுவரை வெட்டி எடுத்துவிட்டுத் தோலை மறுபடி படியவைப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டே செய்யலாம், திரும்ப வருவது இதில்தான் மிகக் குறைவு. பட்டன் போட்டும் நிரம்பினால் தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. கபடியிலோ மல்யுத்தத்திலோ அடிபட்டு வீங்கினால் உள்ளே இருப்பது நீரல்ல, ரத்தம். அதைத் தாமதிக்காமல் சீக்கிரமே எடுக்காவிட்டால் மடல் காலிஃபிளவர் மாதிரி சுருங்கி இறுகிவிடும். சிவந்து, சூடாகி, தொட்டாலே உயிர்போகிற வலி என்றால் அது கிருமித் தொற்று, அன்றைக்கே ஓடுங்கள். தயவுசெய்து வீட்டில் ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள், சீழ் பிடித்தால் குருத்தெலும்பே கரைந்துவிடும்.

சரி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒன்றை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: "நீரை எடுத்த பிறகு எதை வைத்து அழுத்துவீங்க?"