கிரேன் வராத இடத்தில் டீசல் இன்ஜினைத் தூக்க: கேள்வி பதில்

குளச்சல் பக்கம் 30 வருஷமாக வள்ளத்து (மீன்பிடிப் படகு) இன்ஜினும் பம்புசெட்டும் கழற்றி மாட்டுகிறேன். நீங்கள் கேட்டதில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

முட்டத்திலிருந்து: அண்ணே, வள்ளத்து இன்ஜினை எடுக்கணும். மணல்ல கிரேன் வராது. மூணு பைப்பை உச்சியில சேர்த்துக் கட்டின முக்காலி போதுமா?

போதும் மக்கா. வள்ளத்தைக் கரையேற்றி, ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, ஆடாம நிறுத்தின பிறகுதான். 3 இஞ்ச் சி கிளாஸ் (கனத்த சுவர்) இரும்பு பைப் மூணும், சங்கிலி இழுத்துப் பாரம் தூக்குற 1 டன் செயின் பிளாக்கும் எடுத்துக்கோ. கால் மூணும் வள்ளத்துக்கு வெளியே நிக்கணும். மணல்ல புதையாம இருக்க ஒவ்வொண்ணுக்கும் அடியில கனமான பலகை போடு. கால்களைக் கீழே சங்கிலியால சுத்திக் கட்டு. இல்லாட்டி பாரம் ஏற ஏற விரியும்.

முக்காலி நேர் கீழே தொங்குற பாரத்தைத்தான் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தா சாயும். அதனால தொங்குற இன்ஜினைத் தள்ளி வெளியே எடுக்கப் பார்க்காதே. தூக்கத் தூக்க அடியில கட்டை அடுக்கு. விளிம்புக்கு மேலே வந்ததும் குறுக்கே உறுதியான ரெண்டு தடி போட்டு அதில் உட்காரவை. முக்காலியை இடம் மாத்திப் போட்டு, பிறகு இறக்கு.

குலசேகரத்திலிருந்து: ரப்பர் மரக் கிளையில செயின் பிளாக் மாட்டலாமா?

வேண்டாம். காத்துக்கே முறியற மரம் அது. ஓட்டு வீட்டு உத்தரமும் வேண்டாம்.

தோவாளையிலிருந்து: வயல்ல பழைய லிஸ்டர் வகை 6 குதிரைச் சக்தி இன்ஜின் இருக்கு. நாலு ஆள் தூக்கினா வராதா?

ரெண்டு ஃப்ளைவீலோட (கனமான சுழல் சக்கரம்) அது 300 கிலோவுக்கு மேலே வரும் ஐயா. ஆள் வச்சுத் தூக்காதீங்க. முதல்ல ஃப்ளைவீலைக் கழற்றுங்க. பிறகு கடப்பாரையால நெம்பி, பலகை மேலே பைப் போட்டு உருட்டிக் கொண்டு வாங்க.

மார்த்தாண்டத்திலிருந்து: கொக்கியை எங்கே மாட்டுறது?

இன்ஜின்லயே தூக்குறதுக்குன்னு வச்ச கொக்கி இருந்தா அதில்தான். டைனமோ பிராக்கெட், சைலன்சர் குழாய் இதிலெல்லாம் மாட்டவே கூடாது. ஐபோல்ட் (தலையில வளையம் வச்ச போல்ட்) போட்டா மரை முழுசா உள்ளே இறங்கி, கழுத்து ஒட்டி உட்காரணும். தரமான 12 எம்.எம். ஐபோல்ட் நேரா இழுத்தா 340 கிலோ தாங்கும். 45 டிகிரி சாய்ஞ்சா 240தான். ரெட்டைக் கயிறு போடும்போதும் இதே கவனம் வேணும். கயிறுகளுக்கு நடுவே 120 டிகிரி விரிஞ்சா ஒவ்வொரு கயிறும் முழு பாரத்தையும் சுமக்கும். 60 டிகிரிக்குள்ளே வையுங்க.

குளச்சலிலிருந்து: வலைக்கயிறு நிறைய கிடக்கு, போதாதா?

வெயில்ல கிடந்த பிளாஸ்டிக் கயிறு வெளியே நல்லா தெரியும், உள்ளே பொடிஞ்சிருக்கும். முடிச்சுப் போட்டா பலம் ஏறக்குறைய பாதியாகும். ஒருநாள் அவசரத்துல அப்படி ஒரு கயிறை நம்பினேன். சத்தமே இல்லாம அறுந்தது. அடியில கட்டை அடுக்கியிருந்ததால இன்ஜின் நாலு விரக்கடைதான் இறங்குச்சு. என் கூட நின்ன பையனோட கால் தப்பிச்சுது. அன்னைக்கு வாங்கின தூக்கு பெல்ட்டும் ஷாக்கிளும்தான் (பெல்ட்டைக் கொக்கியோட இணைக்கிற இரும்பு வளையம்) இன்னைக்கும் என் பெட்டியில இருக்கு.

மணவாளக்குறிச்சியிலிருந்து: எத்தனை பேர் வேணும் அண்ணா?

மூணு பேர் போதும் தங்கச்சி. ஒருத்தர் சங்கிலி இழுக்க, ஒருத்தர் கட்டை வைக்க, ஒருத்தர் பார்த்துச் சொல்ல. ஓரத்துல நின்னு கட்டையை உள்ளே தள்ளணும், கை அடியில போகக் கூடாது. ஒரு விரக்கடை உயர்ந்ததும் நிறுத்தி, டீசல் ஹோஸ், வயர், கப்ளிங் போல்ட் எதாவது இன்னும் பிடிச்சிருக்கான்னு பாருங்க. 'நிறுத்து'ன்னு மட்டும் யார் சொன்னாலும் உடனே நிறுத்தணும், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளை சொன்னாலும் சரி.