வாசகர் கேள்வி – பதில்: மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: என் மகன் எச்-1பி1 விசாவில் டெக்சஸில் வேலை செய்கிறார். வரும் நவம்பரில் சக ஊழியர்களுடன் மான் வேட்டைக்குப் போகிறாராம். ரைஃபிள் வேண்டாம், .44 மேக்னம் ரிவால்வரே போதும் என்கிறார். ஒரே அளவுக்குக் கடையில் ஏகப்பட்ட தோட்டாப் பெட்டிகள் இருப்பதால், விலை அதிகமானதை வாங்கினால் சரியாக இருக்குமா என்று என்னிடம் கேட்கிறார். தேசிய சேவையில் எம்16 ரைஃபிள் சுட்டதோடு என் அனுபவம் முடிந்துவிட்டது. அவருக்கு நான் என்ன சொல்வது?
— தெம்பனிஸ் வாசகர்

பதில்: விலையைப் பார்க்க வேண்டாம், பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் குண்டின் வகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் பேச்சில் தோட்டா, குண்டு இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். தோட்டா என்பது உறை, பற்றவைக்கும் மூடி, வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. குழலை விட்டுப் பறந்துபோய் மானின் உடலுக்குள் நுழைவது குண்டு மட்டுமே. அந்தக் குண்டு எதனால் ஆனது, அதன் முனை எப்படிப்பட்டது என்பதுதான் உங்கள் மகன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

தேசிய சேவையில் நீங்கள் சுட்டவை செப்பு உறை முழுவதும் மூடிய குண்டுகள். உடலுக்குள் விரிந்து பரவும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் தடை விதித்தது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள தம்தம் ஆயுதச்சாலையில் ஆங்கிலேயர் செய்த குண்டுகளே அந்தத் தடைக்குப் பின்னணி. வேட்டையிலோ நியாயம் தலைகீழாகிவிடுகிறது. முழு உறையிட்ட உருண்டை முனைக் குண்டு மானை ஊடுருவிச் சிறு துளையோடு வெளியேறிவிட, மான் நெடுந்தூரம் ஓடி, யார் கண்ணிலும் படாமல் மெல்லச் சாகும். அமெரிக்காவின் பல மாநிலங்கள் மான் வேட்டைக்கு அத்தகைய குண்டுகளை அனுமதிப்பதில்லை. போர்க்களத்தில் கொடுமை என்று விலக்கப்பட்டது காட்டில் கருணையாகக் கருதப்படுவது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

கைத்துப்பாக்கிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நீங்கள் சுட்ட எம்16இன் குண்டு வினாடிக்கு 900 மீட்டருக்கு மேல் பாய்வது. .44 மேக்னத்தின் வழக்கமான 240 கிரெயின் குண்டு, அதாவது ஏறத்தாழ பதினைந்தரை கிராம் எடையுள்ளது, வினாடிக்கு 360 முதல் 410 மீட்டர் வேகத்தில்தான் கிளம்புகிறது. வேகமான ரைஃபிள் குண்டு தன் பாதையைச் சுற்றியுள்ள தசையையும் சிதைக்கும். கைத்துப்பாக்கிக் குண்டு பெரும்பாலும் தான் நேராகத் தொட்டதை மட்டுமே கிழிக்கும். ஆகவே அது போதிய அகலமான துளையிட வேண்டும், அதே சமயம் விலா எலும்பைக் கடந்து இரண்டு நுரையீரல்களையும் துளைத்து, முடிந்தால் மறுபுறம் வெளியேறவும் வேண்டும். இரண்டு பக்கமும் துளை இருந்தால் இரத்தத் தடம் தெளிவாக விழும். ஓடிய மானைத் தேடிக் கண்டுபிடிக்க அந்தத் தடமே துணை.

இதற்கு மூன்று வகைகள் பொருந்தும். முனையில் ஈயம் தெரியும் மென்முனைக் குண்டு நிதானமாக விரிந்து ஆழமாகச் செல்லும். வேட்டைக்கென்றே கனமாகச் செய்யப்பட்ட குழிமுனைக் குண்டு அதைவிடச் சற்று விரைவாக விரியும். கடினமாக வார்த்த தட்டைமுனை ஈயக் குண்டு விரிவதே இல்லை, ஆயினும் அதன் அகன்ற தட்டை முகமே நல்ல துளையிட்டு வெகு ஆழம் போகும். விரியும் குண்டையே சட்டம் கேட்கும் மாநிலங்களில் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும். டெக்சஸின் வெள்ளைவால் மான் நம் மண்டாய்ச் சாலையோரம் சில வேளை தென்படும் கடமானைவிட மிகச் சிறியது. அதற்கு 240 கிரெயின் மென்முனைக் குண்டு தாராளம். 300 கிரெயினுக்கு மேற்பட்டவை கரடிக்கும் எல்க் என்ற பெரிய மானுக்கும் உரியவை. அவற்றில் சில குறிப்பிட்ட வலுவான ரிவால்வர்களுக்கு மட்டுமே ஏற்றவை என்ற எச்சரிக்கையோடு விற்கப்படுகின்றன. எடை குறைந்த ரிவால்வரில் கனத்த தோட்டாக்களைச் சுட்டால், ஒவ்வொரு முறை துப்பாக்கி பின்னால் உதைக்கும்போதும் உருளையில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் உறையிலிருந்து சிறிது சிறிதாக முன்னால் நகர்ந்து, உருளையே சுற்ற முடியாமல் சிக்கிக்கொள்வதும் உண்டு.

இனி, பெட்டியைவிட முக்கியமான ஒன்று. சுமார் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள காகிதத் தட்டு ஒன்றைச் சுடுதளத்தில் மாட்டி, வேட்டையில் உட்காரப்போகும் அதே நிலையில் உட்கார்ந்து, 25 மீட்டரிலிருந்து ஆறு முறை சுடச் சொல்லுங்கள். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய அந்தத் தட்டின் அளவுதான். ஆறும் தட்டில் விழுந்தால் 35 மீட்டருக்கும், பிறகு 50 மீட்டருக்கும் நகரலாம். எந்தத் தூரத்தில் ஒன்று தவறுகிறதோ, அதற்கு முந்தைய தூரமே அவருடைய எல்லை. அதற்கு அப்பால் எவ்வளவு பெரிய கொம்புடைய மான் நின்றாலும் விரலை விசையிலிருந்து எடுத்துவிட வேண்டும். மூன்று வகைப் பெட்டிகளை வாங்கிச் சுட்டுப் பார்த்து, தட்டில் நெருக்கமாக விழுவதைத் தேர்ந்தெடுப்பதே சரியான முறை, ஏனெனில் ஒரே துப்பாக்கி ஒரு தோட்டாவை விரும்பி இன்னொன்றை வெறுக்கும். தொடக்கத்தில் உதைக்குப் பயந்து கண்ணை மூடுவது எல்லாருக்கும் வரும். .44 ஸ்பெஷல் என்ற குட்டை உறைத் தோட்டாக்கள் அதே ரிவால்வரில் பொருந்தும், உதையும் குறைவு; அவற்றில் பழகிவிட்டு மேக்னத்துக்கு வரலாம். இடையில் உருளையில் தோட்டா செருகும் அறைகளைத் துடைத்துவிட வேண்டும், இல்லையெனில் குட்டை உறை விட்டுச்செல்லும் கரிவளையத்தில் நீள உறை இறுகிக்கொள்ளும். காதுக் கவசம் இல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது.

கடைசியாகச் சட்டம். விசா பெற்று அமெரிக்காவுக்குள் வந்த குடியேறாத வெளிநாட்டவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடைசெய்கிறது. காலாவதியாகாத மாநில வேட்டை உரிமம் அதற்கு ஒரு விதிவிலக்கு. எச்-1பி1 விசாவில் இருக்கும் உங்கள் மகன், தோட்டாக் கடைக்குள் நுழைவதற்கு முன்பே அந்த உரிமத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது. 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்கு டெக்சஸில் வேட்டைக் கல்வியும் கட்டாயம்.

கேள்வி: வர்ஜீனியாவில் வசிக்கும் என் தம்பி, வீட்டுப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் 9 மி.மீ. பிஸ்டலையும் அதன் குழிமுனைத் தோட்டாக்களையும் மான் வேட்டைக்கும் கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறான். குண்டு விரிந்தால் போதும் என்றுதானே சொல்கிறார்கள்?
— யீஷூன் வாசகர்

பதில்: வேண்டாம். வர்ஜீனியா கேட்கும் 350 அடி-பவுண்டு (ஏறத்தாழ 475 ஜூல்) ஆற்றலைச் சில 9 மி.மீ. தோட்டாக்கள் ஒட்டியும் ஒட்டாமலும் தொடும். ஆனால் சட்டத்தின் விளிம்பில் நிற்பது மானுக்குப் போதாது. தற்காப்புக் குண்டுகள் மனித உடலுக்குள்ளேயே நின்றுவிடும்படி விரைவில் விரியச் செய்யப்பட்டவை. மானின் தோள் எலும்பில் பட்டால் அங்கேயே மலர்ந்து நின்றுவிடக்கூடும். .357 மேக்னத்தின் 158 கிரெயின் மென்முனைக் குண்டை, பக்கவாட்டில் நிற்கும் மானின் மீது மிக அருகிலிருந்து சுடுவதையே நான் கீழ் எல்லையாகக் கொள்வேன். அதன் ஆற்றல் 700 ஜூலுக்குச் சற்று மேல், 9 மி.மீ. ஏறத்தாழ 500தான்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் வேட்டையாடிய மான் கறியைச் சமைத்துப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறார்கள். குண்டில் ஈயம் இருக்குமே?
— ஜூரோங் வாசகி

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஈயக் குண்டு எலும்பில் பட்டு உதிரும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றிப் பரவும். வேகமான ரைஃபிள் குண்டைவிடக் கைத்துப்பாக்கிக் குண்டு குறைவாகவே உதிரும் என்றாலும், குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்றில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா பயன்படுத்த முடியாது. ஆகவே உங்கள் அத்தான் முழுச் செப்புக் குண்டைத்தான் பயன்படுத்த வேண்டும். அது எடையில் குறைந்திருந்தாலும் சிதறாமல் ஆழமாகச் செல்லும். உறைபெட்டியில் பழைய கறி இருந்தால், எந்தக் குண்டால் சுடப்பட்டது என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் தன் முதல் மான் வேட்டையின் நினைவாக ஒரு தோட்டாவைப் பரிசாகத் தந்தார். பெட்டியில் போட்டுச் சிங்கப்பூருக்கு எடுத்து வரலாமா?
— புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: கண்டிப்பாகக் கூடாது. அமெரிக்க விமான நிலையத்தில் முறைப்படி அறிவித்துச் சரக்குப் பையில் வைக்க முடிகிறது என்பதால் இங்கும் முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஆயுதக் குற்றச் சட்டம் தோட்டாவையும் துப்பாக்கியோடு சேர்த்தே பேசுகிறது. உரிமமின்றி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுச் சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் விதிக்கப்படலாம். வெற்று உறையாக இருந்தாலும், சாவிக்கொத்தில் கோத்த அலங்காரப் பொருளாக இருந்தாலும், காவல்துறையிடம் முன்கூட்டிக் கேட்காமல் கொண்டுவராதீர்கள். ஏற்கெனவே பையில் போட்டுவிட்டீர்கள் என்றால், விமானம் ஏறுவதற்கு முன் நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மானின் புகைப்படத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.