கத்திமா முலிலோவுக்குக் குடும்பத்தோடு வரலாமா?

தம்பி, நமீபியாவின் சாம்பேசி மாகாணத்தில், கத்திமா முலிலோ பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வாருங்கள். ஆனால் விண்ட்ஹோக்கைப் பார்த்து இந்த ஊரைக் கணக்குப் போடாதீர்கள். தலைநகரம் 1,200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சாம்பியாவோ சாம்பேசி ஆற்றுக்கு அந்தப் பக்கம். ங்கோமா எல்லைச் சாவடி வழியாக போட்ஸ்வானா 70 கிலோமீட்டர்தான். இங்குள்ளவர்களுக்குச் சொந்தபந்தம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அக்கரையிலும் உண்டு. 2004-ல் ஆற்றின் மேல் பாலம் திறந்த பிறகு சாம்பியாவின் செம்பு லாரிகளும் இந்த வழியாகத்தான் வால்விஸ் பே துறைமுகத்துக்குப் போகின்றன.

வரைபடத்தில் இந்தப் பகுதி ஒரு நீண்ட வால் மாதிரி தெரியும். 1890-ல் பிரிட்டனோடு ஒப்பந்தம் போட்டு ஜெர்மனி வாங்கிய நிலம் இது. சாம்பேசி ஆற்றைப் பிடித்தால் இந்தியப் பெருங்கடலுக்கே வழி கிடைக்கும் என்று நினைத்தார்கள். ஆனால் வழியிலுள்ள விக்டோரியா அருவியைத் தாண்டிப் படகு போகாது. அவர்களுடைய தலைமை அமைச்சர் காப்ரிவியின் பெயர்தான் 2013 வரை இந்த மாகாணத்துக்கு இருந்தது.

அரசியல் பேசும்போது மட்டும் நிதானம் வேண்டும். 1999 ஆகஸ்ட் 2-ல் தனிநாடு கேட்டவர்கள் இந்த ஊரையே தாக்கினார்கள். அந்த வழக்குகள் பல ஆண்டுகள் இழுத்தன. சிறையில் கிடந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இங்கேதான் வாழ்கின்றன. உங்கள் வகுப்பிலேயே அந்த வீட்டுப் பிள்ளைகள் இருக்கலாம். அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள். நிர்வாகம் எப்படியென்றால், மாகாண ஆளுநரை நியமிப்பது குடியரசுத் தலைவர். மக்கள் தேர்ந்தெடுப்பது மாகாண மன்ற உறுப்பினர்களை. தெரு, தண்ணீர் விஷயத்துக்கு நகராட்சிக்குப் போக வேண்டும்.

சாலை நன்றாகவே இருக்கிறது, நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ருண்டுவிலிருந்து வரும் பி8 நெடுஞ்சாலை திவுண்டு தாண்டியதும் ப்வாப்வாடா தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து கொங்கோலா வரை காட்டுக்குள்ளேயே போகும். யானைகள் சர்வசாதாரணமாகக் குறுக்கே வரும். இருட்டிய பிறகு அதில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

அப்புறம் வெள்ளம். அங்கோலா, சாம்பியாவில் பெய்த மழை மார்ச், ஏப்ரல் வாக்கில் இங்கே வந்து சேரும். கிழக்குச் சமவெளியில் ஊர்கள் தீவுகளாகிவிடும். சில பள்ளிகளை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கூடாரத்தில் நடத்துவார்கள். ஆகவே உங்கள் பள்ளி ஊருக்குள்ளா, சமவெளியிலா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். மழைக்காலத்தில் மலேரியா உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.